இரண்டு தேசத்தின் மகள்
அர்ச். பிரான்சிஸ்கா சவேரியார் கபிரினி



பிழைப்புத் தேடிப் பிறநாடு செல்பவன் எந்த நாட்டுக்குச் சொந்தம்? போன இடத்தார் அவனை அந்நியன் என்கிறார்கள். பிறந்த ஊராரோ மெல்ல மறந்துவிடுகிறார்கள். இப்படி இரு கரைக்கும் நடுவே தவித்த ஏழைகளுக்குத் தாயாக விளங்கிய ஒரு கன்னியாஸ்திரீயின் சரித்திரத்தைக் கேளுங்கள்.

1850-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி, வட இத்தாலியில் சாந்தாஞ்சலோ என்னும் ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிரான்சிஸ்கா கபிரினி பிறந்தார். குறைமாதத்தில் பிறந்த அவருக்கு ஆயுள் முழுவதும் நோஞ்சான் உடம்பு. சிறு வயதில் தண்ணீரில் விழுந்து தப்பியதால் தண்ணீர் என்றாலே நடுக்கம். ஆனால் மனதில் இருந்த ஆசையோ, கடல் கடந்து சீன தேசத்தில் வேதம் போதிக்க வேண்டும் என்பது. 1880-ல் திருஇருதய மிஷனரி சகோதரிகள் சபையை ஸ்தாபித்தார். நமது முத்துக்குளித்துறை மக்களுக்குத் தமிழிலேயே செபம் சொல்லிக்கொடுத்த அர்ச். சவேரியாரின் நாமத்தைத் தமக்கும் சூட்டிக்கொண்டார்.

அக்காலத்தில் இத்தாலிய ஏழைகள் கூட்டங்கூட்டமாய் அமெரிக்காவுக்குக் கப்பலேறிக் கொண்டிருந்தார்கள். 1880-க்கும் 1920-க்கும் இடையில் அங்கே போனவர்கள் ஏறக்குறைய 40 லட்சம் பேர். 13-ம் சிங்கராயர் பாப்பானவர், கிழக்கே அல்ல, மேற்கே இம்மக்களிடம் போகும்படி கபிரினி அம்மாளுக்குச் சொன்னார். அம்மாள் தம் ஆசையை அடக்கிக் கீழ்ப்படிந்தார்.

1889 மார்ச் 31-ந் தேதி ஆறு சகோதரிகளோடு நியூயார்க் துறைமுகத்தில் இறங்கினார். அங்கே அவர்களுக்கென்று ஒரு வீடுகூடத் தயாராக இல்லை. அதிமேற்றிராணியாரோ, வந்த கப்பலிலேயே திரும்பிப் போவது நல்லதென்று கருதினார். பாப்பானவர் அனுப்பிய இடத்தை விட்டுத் தாம் போவதற்கில்லை என்று அம்மாள் பணிவாகவும் உறுதியாகவும் தெரிவித்தார்.

அவர் கண்ட காட்சி என்ன தெரியுமா? கோவிலிலும் இத்தாலியருக்குச் சரியான இடமில்லை. பல பங்குகளில் மேலே மற்றவர்களுக்குப் பூசை. கீழே நிலவறையில் இவர்களுக்குப் பூசை! ஒரே விசுவாசம் உள்ளவர்களே இப்படி நடத்தினால், வெளியார் எப்படி நடத்துவார்கள்? 1891-ல் நியூ ஆர்லியன்ஸ் நகரில் ஒரு கொலை வழக்கு நடந்தது. விசாரிக்கப்பட்ட இத்தாலியரில் ஒருவரையும் ஜூரிகள் குற்றவாளி எனத் தீர்க்கவில்லை. ஆயினும் ஒரு கும்பல் சிறைக்குள் புகுந்து இத்தாலியர் 11 பேரைக் கொன்றது. மறு வருஷமே அம்மாள் அந்த நகரத்துக்குப் போய், அந்த ஏழைகளின் நடுவிலேயே மடம் அமைத்தார்.

அவருடைய பள்ளிகளில் பிள்ளைகள் வீட்டுப் பாஷையையும் படித்தார்கள்; புது நாட்டின் ஆங்கிலத்தையும் படித்தார்கள். தாயோடு பேச ஒன்று, அயலானோடு வாழ ஒன்று. 1892-ல் நியூயார்க்கில் திறந்த ஆஸ்பத்திரிக்குக் கொலம்பஸ் பெயரை வைத்தார். இத்தாலியரும் அமெரிக்கரும் ஒருங்கே தம்முடையதெனக் கொண்டாடிய பெயர் அது. கொலராடோ மலைகளில் சுரங்கத் தொழிலாளரைத் தேடிப் பூமிக்குள்ளும் இறங்கினார். தண்ணீருக்கு அஞ்சிய அவரே இருபது முறைக்கும் மேல் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்தார்.

1909-ல் சியாட்டில் நகரில் அவர் ஐக்கிய அமெரிக்காவின் பிரஜையானார். இதைச் சற்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பிரமாணத்தில், இத்தாலிய அரசருக்குரிய விசுவாசத்தை விட்டுவிடுவதாகச் சொல்ல வேண்டும். அவர் அதை மனதாரச் சொன்னார். அரசருக்குரியதை விட்டார், தாய் கற்றுத்தந்த செபத்தை விடவில்லை. உண்ணும் நாட்டுக்கு உண்மையாயிருப்பது கடமை. பெற்றவளின் பாஷையை நேசிப்பது அதற்குத் துரோகம் ஆகாது. இரண்டும் ஒரே இருதயத்தில் அடங்கும் என்பதை அவர் வாழ்ந்தே காட்டினார்.

1917 டிசம்பர் 22-ந் தேதி சிக்காகோவில், ஏழைப் பிள்ளைகளுக்குக் கிறிஸ்துமஸ் மிட்டாய்களை ஆயத்தம் செய்துகொண்டிருந்த நாட்களில், அவர் இறைவனடி சேர்ந்தார். அவர் நிறுவிய இல்லங்கள் 67. 1946-ல் 12-ம் பத்திநாதர் பாப்பானவர் அவருக்கு அர்ச்சியசிஷ்ட பட்டம் அளித்தார். ஐக்கிய அமெரிக்கப் பிரஜைகளில் இப்பட்டம் பெற்ற முதல்வர் அவரே. 1950-ல் குடியேறுவோரின் பாதுகாவலியாக அறிவிக்கப்பட்டார். கொலராடோ மாநிலம் 2020-ல் கொலம்பஸ் தினத்தை விலக்கி, அம்மாளின் பெயரால் ஒரு விடுமுறை நாளை ஏற்படுத்தியது. ஒருகாலத்தில் நிலவறைக்கு அனுப்பப்பட்டவர்களின் தாய்க்கு, இன்று மாநிலமே விழா எடுக்கிறது!

அன்பர்களே! நம் பிள்ளைகளும் உறவினரும் எத்தனையோ பேர் அந்நிய தேசங்களில் இருக்கிறார்கள். அங்கே அவர்களை யாராவது அன்போடு வரவேற்க மாட்டார்களா என்று நாம் ஏங்குகிறோம். நம் ஊருக்கும் வடநாட்டிலிருந்து கட்டட வேலைக்கும் ஆலை வேலைக்கும் ஆட்கள் வருகிறார்கள். அவர்களில் நம் வேதத்தைச் சேர்ந்தவர்களும் உண்டு. பாஷை தெரியாமல் கோவிலின் கடைசித் தூணோரம் ஒதுங்கி நிற்கிறவரைப் பார்த்திருக்கிறீர்களா? நமது கோவிலில் நிலவறை இல்லை. ஆனால் நம் மனதில் ஒன்று இருக்கலாம். வரும் ஞாயிறு பூசை முடிந்ததும், அவரிடம் போய்ப் பெயரையும் ஊரையும் கேளுங்கள். வீட்டுக்கு அழைத்து ஒரு வாய் காப்பி கொடுங்கள். அர்ச். கபிரினி அம்மாளுக்கு நாம் செலுத்தும் நல்ல காணிக்கை அதுவே.