ஓவர்டு டெமின்

ஓவர்டு மார்ட்டின் டெமின் (டிசம்பர் 10, 1934 – பெப்ரவரி 9, 1994) அமெரிக்க மரபியலாளரும் தீநுண்மவியல் அறிஞரும் ஆவார். வைரசு எனப்படும் தீநுண்மங்களுள் சில, தம் ஆர்.என்.ஏ.வில் உள்ள மரபுச் செய்தியை டி.என்.ஏ.வாக மாற்றி உயிரணுவின் கருவுக்குள் பதித்துவிடுகின்றன என்பதைக் கண்டறிந்தவர். இதற்காக 1975 ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசை ரெனாட்டோ துல்பெக்கோ, டேவிட் பால்ட்டிமோர் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார்.

இளமையும் கல்வியும்

டெமின் பிலடெல்பியா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை வழக்கறிஞர். பள்ளிப் பருவத்திலேயே கோடை விடுமுறைகளில் மெயின் மாநிலத்தின் ஜாக்சன் ஆய்வகத்தில் பயிற்சி பெற்றார். சுவார்த்மோர் கல்லூரியில் 1955 இல் உயிரியல் பட்டம் பெற்ற பின்னர், கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் துல்பெக்கோவின் ஆய்வகத்தில் சேர்ந்து 1959 இல் முனைவர் பட்டம் பெற்றார். 1960 இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மெக்கார்டில் புற்றுநோய் ஆய்வகத்தில் பணியேற்று, இறுதிவரை அங்கேயே இருந்தார். 1962 இல் மரபியலாளரான ரேலா கிரீன்பர்கை மணந்தார். இவர்களுக்கு இரு மகள்கள்.

முன்தீநுண்மக் கருதுகோள்

கோழிகளில் புற்றுநோய் உண்டாக்கும் ரௌசு சார்க்கோமா தீநுண்மத்தை 1911 இல் பெய்டன் ரௌசு விளக்கியிருந்தார். அதன் மரபுப்பொருள் ஆர்.என்.ஏ. ஆகும். வளர்ப்பூடகத்தில் உள்ள உயிரணுக்களைக் கொண்டு இத்தீநுண்மத்தை எண்ணி அளவிடும் முறையை, டெமினும் ஆரி ரூபினும் 1958 இல் வெளியிட்டனர்.

தொற்றுக்குள்ளான உயிரணு பிரியும்போது, அதன் வழித்தோன்றல்களும் புற்றுத் தன்மையை மாறாமல் பெற்றன. மேலும், டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. உருவாவதைத் தடுக்கும் ஆக்டினோமைசின் டி என்னும் மருந்து இத்தீநுண்மத்தின் பெருக்கத்தையும் நிறுத்தியது. ஆகவே உயிரணுவில் இத்தீநுண்மத்தின் டி.என்.ஏ. வடிவம் ஒன்று இருத்தல் வேண்டும் என 1964 இல் டெமின் முன்மொழிந்தார். அவ்வடிவத்தை முன்தீநுண்மம் என்று அழைத்தார்.

மரபுச் செய்தி டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ.வுக்கே செல்லும், எதிர்த்திசையில் செல்லாது என்பது அன்று பரவலாக நிலவிய கருத்து. டெமினிடம் இருந்த சான்றுகள் மறைமுகமானவை என்பதால் பெரும்பாலானோர் அவரது கருதுகோளை ஏற்கவில்லை. ஆறு ஆண்டுகள் அவர் ஏறத்தாழத் தனித்தே நின்றார்.

நொதியின் கண்டுபிடிப்பு

உயிரணுவின் புரத உற்பத்தியைத் தடுத்தாலும் முன்தீநுண்மம் உருவாகிறது என்பதை அவருடன் பணியாற்றிய சத்தோசி மிசுட்டானி காட்டினார். அப்படியாயின் தேவையான நொதியைத் தீநுண்மமே தன்னுடன் கொண்டுவர வேண்டும். இருவரும் தீநுண்மத் துகள்களைச் சிதைத்து, டி.என்.ஏ.வின் கட்டுமானக் கூறுகளைச் சேர்த்தபோது டி.என்.ஏ. உருவானது. ஆர்.என்.ஏ.வை முன்னதாக அழித்தபோது அது தடைப்பட்டது. பால்ட்டிமோரும் தனித்து இதே முடிவை அடைந்தார். இரு கட்டுரைகளும் 1970 சூனில் நேச்சர் இதழில் அடுத்தடுத்து வெளியாயின. இந்நொதி ரிவர்சு டிரான்சுகிரிப்டேசு எனவும், இதைக் கொண்டுள்ள தீநுண்மங்கள் ரெட்ரோவைரசுகள் எனவும் பெயர் பெற்றன.

கருவுக்குள் நுழைதல்

புதிய டி.என்.ஏ., இன்டகிரேசு உள்ளிட்ட தீநுண்மப் புரதங்களுடன் சேர்ந்தே உயிரணுவின் கருவை அடைகிறது. அங்கு இன்டகிரேசு அதனை நிறப்புரியில் இணைக்கிறது. எலிகளின் வெள்ளணுப் புற்றுத் தீநுண்மம் போன்றவை, உயிரணு பிரியும்போது கருவுறை கலையும்வரை காத்திருக்கின்றன. எச்.ஐ.வி. கருத்துளைகளின் வழியே நுழைய வல்லது என்பதால் பிரியாத உயிரணுக்களையும் தாக்குகிறது. அதன் புரத உறை ஏறத்தாழ முழுமையாகவே துளையைக் கடக்கலாம் என்று 2020 முதல் வெளியான ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வாறு பதிந்த முன்தீநுண்மத்தை மருந்துகளால் அகற்ற இயலாமையே எச்.ஐ.வி. தொற்றுக்கு வாழ்நாள் முழுவதும் மருத்துவம் தேவைப்படுவதன் முதன்மைக் காரணம். 1987 இல் ஒப்புதல் பெற்ற முதல் எயிட்சு மருந்தான சிடோவுடின், டெமின் கண்டறிந்த நொதியையே தடுக்கிறது. மனித மரபணுத்தொகையில் ஏறத்தாழ 8% பண்டைய ரெட்ரோவைரசுகளின் எச்சம் என்பதும் பின்னர் அறியப்பட்டது.

இறுதிக் காலம்

டெமின் புகைத்தலைக் கடுமையாக எதிர்த்தவர். நோபல் விருந்திலேயே புகைபிடித்தவர்களைக் கண்டித்தார். ஒருபோதும் புகைத்திராத அவர் நுரையீரல் புற்றுநோய்க்கு உள்ளாகி, மாடிசன் நகரில் தமது 59 ஆவது வயதில் காலமானார். அந்நகரின் மெண்டோட்டா ஏரிக்கரைப் பாதை அவர் பெயரைத் தாங்கியுள்ளது.