வீழ்ந்தெழுந்த மிதிவண்டி வீரர்

போர்த்துக்கீசியர் 1511-ஆம் ஆண்டில் மலாக்காவைக் கைப்பற்றினர் என்பதை நாம் வரலாற்றுப் பாடத்தில் படித்திருக்கின்றோம். கடலோடிகளால் பெயர்பெற்ற அந்தப் போர்த்துக்கல் நாடு, மிதிவண்டி ஓட்டிப் புகழ்பெற்ற ஒரு வீரரையும் ஈன்றது. அவர்தாம் ஜோவாக்கிம் அகொஸ்தின்யோ. அவருடைய வரலாற்றை ஈண்டுச் சுருக்கமாகக் காண்போம்.

அகொஸ்தின்யோ 1943-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் நாள், லிஸ்பன் நகருக்கு வடக்கேயுள்ள தொர்ரெஸ் வெத்ராஸ் வட்டாரத்தில் எளிய உழவர் குடும்பமொன்றில் பிறந்தார். வளர்ந்ததும் இராணுவச் சேவைக்காக, அன்று போர்த்துக்கலின் ஆட்சியிலிருந்த மொசாம்பிக் நாட்டிற்கு அனுப்பப்பட்டார். அங்கிருந்து மீண்ட பின்னரே மிதிவண்டிப் பந்தயத்தில் இறங்கினார். பிற வீரர்கள் சிறு வயதிலேயே இக்கலையைப் பயில்வர். அவரோ இருபத்தைந்து வயதை நெருங்கும்போதுதான் தொடங்கினார்.

ஆயினும் அவர் தயங்கினாரல்லர். 1968-இல் நாட்டின் வாகையர் பட்டத்தை வென்று, 1973 வரை ஆறு ஆண்டுகள் அதனைத் தம்மிடமே வைத்திருந்தார். போர்த்துக்கலைச் சுற்றிவரும் பெரும்பந்தயத்தில் 1970, 1971, 1972 ஆகிய மூன்றாண்டுகளிலும் முதல்வரானார். அவருடைய உடல்வலிமையைக் கண்டு வியந்த பிரெஞ்சுக் குழுத்தலைவர் ஜான் டி கிரிபால்டி அவரைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்றார்.

ஆண்டுதோறும் ஏறத்தாழ மூன்று வாரங்கள், மலையும் சமவெளியும் கடந்து நடைபெறும் ‘டூர் டி பிரான்ஸ்’ பந்தயமே மிதிவண்டி வீரர்களுக்குப் பெருஞ்சோதனை. 1969-இல் முதன்முறையாக அதில் கலந்துகொண்ட அகொஸ்தின்யோ, இரண்டு நாள்களின் ஓட்டத்தில் வென்று, முடிவில் எட்டாம் இடத்தைப் பெற்றார். பதின்மூன்று முறை அப்பந்தயத்தில் இறங்கிப் பன்னிரண்டு முறை முடித்தார். 1978, 1979 ஆகிய ஆண்டுகளில் மூன்றாம் இடம் பெற்றார். 1974-இல் ஸ்பெயின் நாட்டுப் பந்தயத்தில் வெறும் 11 விநாடிகளில் முதலிடத்தை இழந்தார்.

1979-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், 21 கொண்டையூசி வளைவுகள் கொண்ட ஆல்ப் துவேஸ் மலைச்சாலையில் அனைவரையும் முந்தி உச்சியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது 36. இன்று அச்சாலையின் 14-ஆம் வளைவில் அவருடைய மார்பளவுச் சிலை நிற்கின்றது.

அவருடைய வாழ்வில் கறையும் உண்டு. 1977-இல் தடைசெய்யப்பட்ட மருந்து உட்கொண்டமை சோதனையில் தெரியவந்ததால், அவர் பெற்ற ஒரு நாள் வெற்றி பறிக்கப்பட்டது. உண்மை வரலாறு இதனையும் மறைத்தல் ஆகாது.

காலங்கடந்து கற்றதனால், கூட்டத்தின் நடுவே வண்டியைச் செலுத்துவதில் அவருக்குப் போதிய பழக்கமில்லை. ஆதலால் அடிக்கடி விழுந்தார். விழுந்தபோதெல்லாம் எழுந்து ஓட்டினார். அந்த வழக்கமே இறுதியில் அவருக்குப் பகையாயிற்று.

1984 ஏப்ரல் 30-ஆம் நாள், அல்கார்வே பந்தயத்தில் அவர் முன்னணியில் இருந்தார். குவார்த்தெய்ரா என்னும் ஊரில், எல்லைக்கோட்டுக்குச் சில நூறு மீட்டர் தொலைவில் நாயொன்று குறுக்கே பாய்ந்தது. அகொஸ்தின்யோ தலையடிபட விழுந்தார். எனினும் வழக்கம்போல் எழுந்து, தோழர்கள் தாங்க, எல்லைக்கோட்டைக் கடந்தார். மண்டையோடு உடைந்திருந்தது. பின்னர் லிஸ்பன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டு அறுவைச் சிகிச்சை அளிக்கப்பட்டும் நினைவு திரும்பாமலே மே 10-ஆம் நாள் மறைந்தார்.

அக்காலத்தில் பந்தய வீரர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமாக இருக்கவில்லை. மற்றொரு வீரரின் மரணத்திற்குப் பின், 2003-ஆம் ஆண்டில்தான் அது கட்டாயமாக்கப்பட்டது.

மாணவச் செல்வங்களே! காலங்கடந்து தொடங்கியும் வெல்லலாம் என்பதை அவருடைய வாழ்வு காட்டுகின்றது. தலையில் பட்ட அடியைத் துணிவினால் வெல்ல இயலாது என்பதை அவருடைய மரணம் காட்டுகின்றது. பள்ளிக்கும் வேலைக்கும் மிதிவண்டியில் செல்லும் நம்மவர் வீழ்ந்து தலையில் அடிபட்டால், வலியில்லை என்று எழுந்து செல்லாது, உடனே மருத்துவரை நாடுவோமாக.