கற்பித்துக் கற்றவர்

நாம் எழுந்து நின்று பாடும் தமிழ்த்தாய் வாழ்த்தை இயற்றியவர் பெ. சுந்தரம் பிள்ளை. அவர் திருவனந்தபுரத்தில் வாழ்ந்த ஆசிரியர்.

மதுரையிலிருந்து ஆலப்புழையில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தில் 1855ஆம் ஆண்டு பிறந்தார். திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியில் பயின்றார். திருநெல்வேலியில் சில காலம் பணியாற்றியபின், தாம் பயின்ற கல்லூரியிலேயே தத்துவப் பேராசிரியரானார். தமக்கு வழிகாட்டிய பேராசிரியர் ஹார்வியை அவர் மறந்தாரல்லர். 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தை அவருக்கே உரிமையாக்கினார். தம் இல்லம் அமைந்த இடத்திற்கும் ஹார்விபுரம் என்று பெயரிட்டார்.

கற்பிக்கத் தொடங்கிய பின்னரும் அவர் கற்பதை நிறுத்தவில்லை. பேட்டையிலிருந்த ஞானப்பிரஜாகரம் என்னும் அவையில் பன்மொழி அறிஞரோடு அமர்ந்து உரையாடினார். 1885இல் சைவப் பிரகாச சபை தோன்றத் துணைநின்றார். அங்குப் பெற்ற அறிவைத் தம்மோடு வைத்துக்கொள்ளாது, மாணவர்க்கும் வழங்கினார். அறிவுத்துறைகளை வகைப்படுத்தி, 'நூற்றொகை விளக்கம்' என்னும் உரைநடை நூலை எழுதினார். கல்வெட்டுகளை ஆராய்ந்து, பழைய திருவிதாங்கூர் மன்னர்களின் காலத்தைத் தெளிவுபடுத்தினார்.

42 ஆண்டுகளே வாழ்ந்து, 1897இல் மறைந்தார். தமிழ்நாட்டிற்கு வெளியே வாழ்ந்த அவர் தமிழுக்கு இயற்றிய வாழ்த்தைத் தமிழக அரசு 1970இல் ஏற்றுக்கொண்டது. வாழும் ஊர் எதுவாயினும், கற்கும் ஆர்வமும் கூடிக் கற்கும் பண்பும் உடையோர்க்குத் தாய்மொழி தொலைவில் இல்லை என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

அருஞ்சொற்பொருள்
அவை – அறிஞர் கூடும் இடம்
சான்று – ஆதாரம்

சிந்தித்து விடை எழுதுக
1. சுந்தரம் பிள்ளை தம் ஆசிரியரை எவ்வாறு போற்றினார்?
2. ஆசிரியரும் பிறரோடு கூடிக் கற்பது ஏன் தேவை?