நட்சத்திரங்களின் தொலைவை அளக்க வழிகாட்டிய ஹென்றியெற்றா லீவிற்



இரவு வானில் மங்கலாகத் தெரியும் ஒரு நட்சத்திரம் உண்மையிலேயே மங்கலானதா, அல்லது மிகத் தொலைவில் இருப்பதால் அவ்வாறு தெரிகின்றதா? வெறுங் கண்ணால் பார்த்து இதற்கு விடை கூற முடியாது. பூமிக்கு ஓரளவு அருகிலுள்ள நட்சத்திரங்களின் தொலைவை 19 ஆம் நூற்றாண்டிலேயே அளந்து விட்டனர். அதற்கு அப்பால் உள்ளவற்றை அளக்க வழியின்றி வானியலாளர் திகைத்து நின்றனர். அந்த வழியைத் திறந்தவர் தொலைகாட்டியை இயக்கும் வாய்ப்புக்கூடக் கிடைக்காத ஒரு பெண் என்பதை அறிவீர்களா?

பிறப்பும் கல்வியும்

ஹென்றியெற்றா சுவான் லீவிற் 1868 யூலை 4 ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் மசாசுசெற்ஸ் மாநிலத்தில் லங்காஸ்ரர் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் ஒரு மதகுரு. பின்னர் ராட்கிளிஃப் கல்லூரி எனப் பெயர்பெற்ற பெண்கள் கல்வி நிறுவனத்தில் 1892 இல் கல்வியை நிறைவு செய்தார். இறுதி ஆண்டிற் கற்ற வானியல் அவர் மனதைக் கவர்ந்தது. அதனால் ஹாவார்ட் வான் அவதான நிலையத்திற் சம்பளமின்றித் தொண்டராகச் சேர்ந்தார். இடையில் சில ஆண்டுகள் அங்கிருந்து விலகியிருந்தார். அவருடைய செவிப்புலனும் படிப்படியாகக் குறைந்தது. ஆயினும் ஆர்வம் குறையவில்லை. 1902 இல் நிலையத்தின் பணிப்பாளர் எட்வேர்ட் பிக்கரிங் அவருக்கு மணித்தியாலத்திற்கு 30 சதம் சம்பளத்தில் வேலை கொடுத்தார்.

கண்ணாடித் தகடுகளில் வானம்

அக்காலத்தில் அங்கு தொலைகாட்டியை இயக்குவது ஆண்களின் வேலை. பெண்களுக்குக் கிடைத்தது, ஒளிப்படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைப் பார்த்து அளந்து கணக்கிடும் வேலையே. தென் அமெரிக்காவில் பெரு நாட்டின் அரெகிப்பா நகரில் எடுக்கப்பட்ட தகடுகள் கப்பலில் ஹாவார்ட்டுக்கு வந்து சேர்ந்தன. லீவிற் வெவ்வேறு நாட்களில் எடுத்த தகடுகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து ஒப்பிட்டார். ஒரு புள்ளியின் பருமன் மாறியிருந்தால், அந்த நட்சத்திரத்தின் ஒளி மாறியுள்ளது என்று பொருள். இவ்வாறு ஒளி கூடியும் குறைந்தும் வருபவற்றை மாறொளி நட்சத்திரங்கள் என்பர். தம் வாழ்நாளில் ஏறத்தாழ 2400 மாறொளி நட்சத்திரங்களை அவர் கண்டுபிடித்தார்.

பெரும் கண்டுபிடிப்பு

1908 இல், மகெலன் முகில்கள் எனப்படும் இரு நட்சத்திரக் கூட்டங்களிலுள்ள 1777 மாறொளி நட்சத்திரங்களின் பட்டியலை வெளியிட்டார். அவற்றிற் சிலவற்றை ஆராய்ந்தபோது, பிரகாசம் கூடியவை ஒருமுறை ஒளி கூடிக் குறைய அதிக நாட்கள் எடுப்பதைக் கவனித்தார். 1912 இல் சிறிய மகெலன் முகிலிலுள்ள 25 நட்சத்திரங்களைக் கொண்டு இத்தொடர்பை உறுதிப்படுத்தினார். இவை செபீட் வகையைச் சேர்ந்தவை.

இதன் சிறப்பு என்ன? தொலைவிலுள்ள ஒரு கிராமத்தின் விளக்குகளை இரவிற் பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அவையெல்லாம் உங்களிடமிருந்து ஏறத்தாழ ஒரே தூரத்தில் உள்ளன. எனவே பிரகாசமாகத் தெரியும் விளக்கு உண்மையிலும் பிரகாசமானதே. மகெலன் முகிலின் நட்சத்திரங்களும் அத்தகையனவே. இனி வேறெங்கு ஒரு செபீட் நட்சத்திரத்தைக் கண்டாலும், அது ஒளி மாற எடுக்கும் நாட்களைக் கொண்டு அதன் உண்மைப் பிரகாசத்தை அறியலாம். அதனைத் தோற்றப் பிரகாசத்துடன் ஒப்பிட்டால் தொலைவு கிடைக்கும்.

கிடைக்காத பெருமை

1912 ஆம் ஆண்டு அறிக்கை பிக்கரிங்கின் கையொப்பத்துடனேயே வெளிவந்தது. அதைத் தயாரித்தவர் லீவிற் என்ற குறிப்பு மட்டும் அதில் இருந்தது. அதன்பின் அவருக்கு வேறு பணிகள் ஒப்படைக்கப்பட்டன. தாம் கண்ட வழியிலே மேலும் செல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1921 டிசெம்பர் 12 ஆம் திகதி, 53 ஆவது வயதில், புற்றுநோயினால் காலமானார்.

இரண்டு ஆண்டுகளின் பின் எட்வின் ஹபிள் அந்திரொமீடாவில் ஒரு செபீட் நட்சத்திரத்தைக் கண்டார். லீவிற் காட்டிய முறையைப் பயன்படுத்தி, அந்திரொமீடா நமது பால்வீதிக்கு வெளியேயுள்ள வேறொரு நட்சத்திரத் தொகுதி என நிறுவினார். அது ஏறத்தாழ 25 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் உள்ளதென இன்று அறிகிறோம். 1925 இல் சுவீடன் கணிதவியலாளர் மிற்றாக்-லெஃப்ளர், லீவிற்றின் பெயரை நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க விரும்பிக் கடிதம் எழுதினார். அப்போது அவர் இறந்து மூன்று ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. இறந்தவரை அப்பரிசுக்குப் பரிந்துரைக்க முடியாது. இன்று 5383 ஆம் இலக்கச் சிறுகோளும் சந்திரனில் ஒரு பள்ளமும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றன.

மாணவர்களே, கையிற் கிடைத்த சிறு வேலையையும் கவனமாகச் செய்தவருக்கே அதனுள் மறைந்திருந்த உண்மை புலப்பட்டது. பாராட்டு வரும்வரை அவர் காத்திருக்கவில்லை என்பதையும் மனதிற் கொள்ளுங்கள்.

பயிற்சி

1. மாறொளி நட்சத்திரம் என்றால் என்ன?
2. 1912 இல் லீவிற் உறுதிப்படுத்திய தொடர்பு யாது?
3. மகெலன் முகிலின் நட்சத்திரங்களைத் தம்முள் ஒப்பிடுவது இலகுவாக இருந்தமைக்குக் காரணம் தருக.
4. லீவிற்றின் உழைப்புக்கு உரிய காலத்தில் மதிப்புக் கிடைத்ததா? உமது கருத்தை ஐந்து வசனங்களில் எழுதுக.