இடக்கையில் எழுந்த கட்டி

திருவண்ணாமலையிலிருந்து வேலூர் செல்லும் சாலையில் உள்ள வேங்கிக்கால், இன்று மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அமைந்த ஊர். 1989ஆம் ஆண்டு திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இப்பகுதி வட ஆர்க்காட்டைச் சேர்ந்ததாய் இருந்தது. 1949ஆம் ஆண்டில் இவ்வட்டாரத்தில் அரிய அறுவை மருத்துவம் வேண்டியவர் வேலூருக்கோ சென்னைக்கோ செல்ல வேண்டும். அவ்வாண்டில் மருத்துவர்களே கருவிகளுடன் சென்னையிலிருந்து இங்கு வந்தனர். மலையின் தென்புறத்தில், செங்கம் சாலையில் இருந்த ஆசிரமம் ஒன்றில் முதியவர் ஒருவரின் இடக்கையில் எழுந்த கட்டியை அகற்றுவதற்காக அவர்கள் வந்தார்கள். அம்முதியவரே ரமண மகரிஷி. அவருடைய ஞான நெறியை விளக்கிய நூல்கள் பலவுண்டு. அவ்வாழ்க்கையை நோயாளி, மருத்துவர் என்னும் உறவின் வழியே நோக்குவதும் பயனுடையதே.

மதுரைச் சீமையின் திருச்சுழியில் 1879 டிசம்பர் 30ஆம் நாள் சுந்தரமையருக்கும் அழகம்மைக்கும் மகனாகப் பிறந்தார். இயற்பெயர் வேங்கடராமன். தந்தையை இளமையிலேயே இழந்து, மதுரையில் சிற்றப்பன் வீட்டில் தங்கிப் படித்தார். பதினாறாம் வயதில் ஒருநாள், உடலில் நோய் ஏதும் இல்லாதபோதே, தாம் இறந்துவிடப் போகிறோம் என்ற அச்சம் திடீரென அவரைப் பற்றியது. மருத்துவரை நாடாமல், பிணம்போல் படுத்துச் சாவது எது என்று தமக்குள்ளேயே ஆராய்ந்தார். அதற்குப்பின் சில வாரங்களில் வீட்டைத் துறந்து, 1896 செப்டம்பர் 1ஆம் நாள் திருவண்ணாமலையை அடைந்தார். ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் இவ்வூரை விட்டு அவர் வேறெங்கும் சென்றாரில்லை.

அந்த உடல் பட்ட காயங்கள் ஒன்றிரண்டல்ல. வந்த புதிதில் ஆயிரங்கால் மண்டபத்தின் அடியிலுள்ள பாதாள லிங்கக் குழியில் அமர்ந்திருந்தபோது, பூச்சிகள் கடித்துத் தொடைகள் புண்ணாகிச் சீழ் வடிந்தது. பிறர் தூக்கி வந்து வெளியே வைக்கும்வரை அவர் அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. பின்னொரு நாள் மலையில் திரிகையில் குளவிக்கூடு ஒன்றில் கால் பட்டுவிட, கூட்டைக் கலைத்த காலே தண்டனையை ஏற்கட்டும் என்பார்போல், கொட்டி முடியும்வரை அசையாது நின்றார். 1924 ஜூன் 26 இரவு ஆசிரமத்தில் புகுந்த கள்வர் அவரையும் தொடையில் அடித்தனர். அவர்களைத் திருப்பித் தாக்க எழுந்த அன்பர்களை அவரே தடுத்தார். முதுமையில் மூட்டுவாதமும் வந்து சேர்ந்தது. தமக்கென்று தனி உணவோ சத்து மருந்தோ கொடுக்க முனைந்தால், எல்லோருக்கும் உண்டா என்று கேட்பது அவர் இயல்பு. இத்தகைய நோயாளியைக் கையாள்வது எந்த மருத்துவருக்கும் எளிதன்று.

1948ஆம் ஆண்டின் இறுதியில் இடது முழங்கைக்குக் கீழே சிறு கட்டி ஒன்று தோன்றியது. 1949 பிப்ரவரியில் ஆசிரமத்திலேயே அது அறுத்து அகற்றப்பட்டது. சில வாரங்களில் அதே இடத்தில், முன்னினும் பெரிதாய் மீண்டும் எழுந்தது. மார்ச் மாத இறுதியில் சென்னையிலிருந்து டாக்டர் ராகவாச்சாரி குழுவினருடன் வந்து இரண்டாம் முறை அறுவை செய்தார். அகற்றிய தசையை நுண்ணோக்கியில் ஆய்ந்தபோது சார்கோமா என்னும் கொடிய புற்று என்பது தெளிவாயிற்று.

தசை, கொழுப்பு, நார் போன்ற இணைப்புத் திசுக்களில் பிறக்கும் புற்று அது. வளரும்போது சுற்றியுள்ள திசுவை நெருக்கி, தன்னைச் சுற்றி ஓர் உறையை உண்டாக்கிக்கொள்ளும். அறுவை மருத்துவர் அந்த உறையோடு கட்டியைத் தோண்டி எடுத்தால் முழுவதும் நீங்கியது போலவே தோன்றும். ஆயினும் அவ்வுறையிலும் அதற்கு அப்பாலும் கண்ணுக்குத் தெரியாத நோயணுக்கள் தங்கியிருக்கும். கட்டி மீண்டும் எழுவதன் காரணம் இதுவே. இரத்தத்தின் வழியே நுரையீரலுக்குப் பரவுவதும் இதன் இயல்பு. இன்று முதலில் காந்தப் படமெடுத்து, ஊசியால் சிறிது திசுவை எடுத்து ஆய்ந்து, பின்னரே நலமான திசுவையும் சுற்றிலும் சேர்த்து அகலமாக வெட்டி எடுப்பர். 1949இல் அப்படக்கருவி உலகில் எங்கும் இல்லை. சிறு கட்டியென்றால் முதலில் அறுத்துப் பார்ப்பதே பரவலான வழக்கம். ஆகவே முதல் அறுவையைக் குறை கூறுவது நேர்மையாகாது.

மருத்துவர் கையில் அன்று இருந்தவை இரண்டே கருவிகள்: கத்தியும் கதிரும். கியூரி தம்பதியர் 1898இல் கண்டறிந்த ரேடியம் அரை நூற்றாண்டுக்குள் புற்று மருத்துவத்தின் பெருந்துணையாகியிருந்தது. பம்பாயில் டாட்டா நினைவு மருத்துவமனை 1941இல் தோன்றியிருந்தது. அடையாற்றின் புற்றுநோய் மருத்துவமனையோ 1954இல்தான் திறக்கப்பட்டது. புற்றுக்கு மருந்தூட்டும் முறை, அமெரிக்காவில் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுற்ற குழந்தைகளுக்கு 1948இல் செய்து காட்டிய அளவிலேயே நின்றிருந்தது. திருவண்ணாமலைக்கு ரேடியம் வருவிக்கப்பட்டது. மகரிஷியின் கையில் அது வைக்கப்பட்டும், புண் ஆறவில்லை, குருதி கசிந்தது.

இந்நிலையில் எழுந்ததே முதன்மையான வினா: கையைத் தோளருகே துண்டித்துவிடலாமா? அக்கால மருத்துவ நூல் சொல்லக்கூடிய விடை அதுவே. மகரிஷி இசையவில்லை. உடலே ஒரு நோயாயிருக்க, கையை மட்டும் வெட்டுவானேன், அதை அதன் போக்கில் விட்டுவிடலாம் என்பது அவர் கருத்து. இது மருத்துவத்தையே மறுத்த பிடிவாதம் என்று கொள்ளலாகாது. ஆங்கில மருத்துவம், சித்தம், ஆயுர்வேதம், ஹோமியோபதி என எதனை அன்பர்கள் கொண்டுவந்தாலும் அவர்தம் மனநிறைவிற்காக ஏற்றுக்கொண்டார். ஒரு முறை பலிக்காமல் மறுமுறை தொடங்கும்போதும் முன்னவரைக் குறை கூறினாரில்லை. பச்சிலைக் கட்டும் அறுவைக் கத்தியும் அந்தக் கைக்கு ஒன்றாகவே இருந்தன. உறுப்பை இழக்கும் ஒன்றற்கு மட்டுமே அவர் உடன்படவில்லை.

துண்டித்திருந்தால் பிழைத்திருப்பாரோ என்று இன்றும் கேட்போருண்டு. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் 43 நோயாளிகளைக் கொண்டு நடத்திய ஆய்வின் முடிவு 1982இல் வெளிவந்தது. உறுப்பைத் துண்டித்தவர்க்கும், உறுப்பைக் காத்துக் கட்டியை அகற்றிக் கதிர் மருத்துவம் பெற்றவர்க்கும் உயிர்வாழும் கால அளவில் வேறுபாடு காணப்படவில்லை. மீண்டும் மீண்டும் எழுந்த கட்டிக்கு இதனை அப்படியே பொருத்துதல் முறையாகாது. எனினும், அவர் மறுத்ததனால்தான் மாண்டார் என்று அடித்துச் சொல்லவும் இடமில்லை என்பதே என் கருத்து.

மருத்துவர்களுக்கு வேறொரு இடர்ப்பாடும் இருந்தது. நோயாளி சொல்லும் வலியே மருத்துவத்திற்கு முதல் வழிகாட்டி. எங்கே, எப்போது, எவ்வளவு என்ற வினாக்களுக்கு விடை கிடைத்தால் பாதி நோய் புரிந்துவிடும். இங்கோ நோயாளி முறையிடவே இல்லை. வலி இல்லையென்று அவர் சொல்லவில்லை. அது தம்மைச் சேர்ந்ததாகப் பேசவில்லை, அவ்வளவே. உறக்கத்தில் எழும் முனகலைக் கொண்டே உடனிருந்தோர் வேதனையை அளந்தனர். ஆகஸ்டு 7ஆம் நாள் மூன்றாம் அறுவையும், டிசம்பர் 19ஆம் நாள் நான்காம் அறுவையும் நடந்தன. காணவந்தோரை அவர் தடுக்க விடவில்லை. நான்காவதன் பின்னும் கட்டி மேலே தோன்றவே, இனிக் கத்திக்கு வேலையில்லை என மருத்துவர்கள் உணர்ந்தனர். எஞ்சியது துயர் தணிக்கும் பணி ஒன்றே. அப்பணிக்கு இன்றுள்ள தனித்துறை அந்நாளில் இல்லை. அருகிருந்த தொண்டர்களே அதைச் செய்தனர்.

இரத்தம் குன்றி உடல் தளர்ந்தது. சிறிய அறை ஒன்றில் படுத்தவாறே, வாயிலைக் கடந்து செல்லும் மக்களை நாள்தோறும் பார்த்துக்கொண்டிருந்தார். 1950 ஏப்ரல் 14 மாலை, மூச்சுத் திணறலைக் கண்ட மருத்துவர் ஒருவர் பிராணவாயு செலுத்தத் தொடங்கினார். மகரிஷி வலக்கையை அசைத்து அதை விலக்கினார். வெளியே அன்பர்கள் அவர் இயற்றிய அட்சரமணமாலையைப் பாடத் தொடங்கினர். கண்ணோரம் நீர் துளிர்த்தது. இரவு 8.47 மணிக்கு மூச்சு அமைதியாய் நின்றது. மறுநாள் மாலை, ஆசிரம வளாகத்திலேயே, தாயின் அடக்கத்திற்கு அருகில், அவ்வுடல் அடக்கம் செய்யப்பட்டது.