குழாய் யாருடையது?

வாணவேடிக்கை என்றதும் வானத்தைத்தான் பார்க்கிறோம். சீறிக் கிளம்புகிறது, சிதறுகிறது, செம்மலரும் பொன்மலரும் பூக்கின்றன. அண்ணாந்து நிற்கும் கூட்டம் ஆரவாரம் செய்கிறது. கீழே, புகை மண்டிய இருட்டில், பாதி மண்ணில் புதைந்து நிற்கிறதே ஒரு குழாய், அதைப் பார்ப்பவர் எவர்? அந்தக் குழாய் இல்லையேல் மலர் ஏது, மகிழ்ச்சி ஏது! அடி மூடி வாய் திறந்த குழாயில் மருந்திட்டுக் குண்டை இறக்கிப் பற்றவைத்தால் குண்டு மேலே போகும். தலையை மூடி, அடியில் சிறு துளை மட்டும் விட்டுப் பற்றவைத்தால் குழாயே மேலே போகும். அதைத்தான் வாணம் என்கிறோம், ராக்கெட் என்கிறோம். இரண்டுக்கும் உயிர்நிலை குழாய். குழாய் நைந்ததாயின் மருந்து மேலே போகாது, விட்டவன் முகத்தில் பாயும்.

இந்தக் குழாயைக் கொண்டே பேரும் புகழும் பெற்றார், பட்டம் பெற்றார், பாராளுமன்றத்தில் இடமும் பெற்றார் ஓர் ஆங்கிலேயர். வில்லியம் காங்கிரீவ் என்பது அவர் பெயர். அவர் கதையை இன்று சொல்ல முற்படுகிறோம். அவரைத் தூற்ற வேண்டும் என்ற எண்ணம் நமக்கில்லை. அவருக்குரியதை அவருக்கே கொடுப்போம். ஆனால் அவருக்கு உரியது எவ்வளவு என்று கணக்குப் பார்த்துக் கொடுப்போம்.

1772-ஆம் ஆண்டு மே 20-இல் பிறந்தவர் காங்கிரீவ். தந்தையின் பெயரும் வில்லியம் காங்கிரீவ் என்பதே. தந்தை பீரங்கிப் படைத் தளபதி; இலண்டனையடுத்த ஊல்விச் ஆயுதச்சாலையில் வெடிமருந்துக் கூடத்தின் தலைமை அதிகாரி. மகன் வளர்ந்தது வறுமையில் அன்று, வாய்ப்பின் மடியில். கேம்பிரிட்ஜில் டிரினிட்டி கல்லூரி, 1793-இல் பட்டம், பிறகு சட்டக் கல்வி. வழக்கறிஞர் வேலை அவர் மனத்தைக் கவ்வவில்லை. மருந்தும் இரும்பும் மணக்கும் ஊல்விச் கூடம்தான் இழுத்தது.

அந்த ஊல்விச்சுக்கு நம் பக்கத்திலிருந்து ஒரு சீர்வரிசை போய்ச் சேர்ந்தது. அதைச் சொல்ல, நாம் கடல் தாண்டி இங்கே திரும்ப வேண்டும்.

மைசூரை ஆண்ட ஐதர் அலியின் தந்தை, ஆர்க்காட்டு நவாப்பின் படையிலே மூங்கில் வாணம் விடும் வீரர்களுக்குத் தலைவராயிருந்தவர். மூங்கிற் குழாய் வாணம் பெரும்பாலும் அடையாளம் காட்டத்தான் பயன்பட்டது. மகன் காலத்திலே, பேரன் திப்பு காலத்திலே, அந்தக் குழாய் இரும்பாயிற்று. கொல்லன் உலைக்களத்தில் தகட்டைக் காய்ச்சி, அடித்து, வளைத்து, ஏறத்தாழ ஒரு சாண் நீளக் குழாயாக்கினான். உள்ளே மருந்தைக் கெட்டித்தான். நீண்ட மூங்கிற் கழியோடு தோல் வாரால் இறுகக் கட்டினான். சிலவற்றில் கழிக்குப் பதில் வாளலகையே கட்டினான்! ஆயிரம் கெஜத்துக்கு அப்பாலும் பாய்ந்தது அந்த வாணம். படைப்பிரிவு ஒவ்வொன்றோடும் வாண வீரர் கூட்டம் ஒன்று சென்றது.

எங்கே பாய்ந்தது? தொலைவில் இல்லை. காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரிலேயே பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10. கர்னல் பெய்லியின் கும்பினிப் படை அங்கே வளைக்கப்பட்டது. வாணங்கள் வந்து விழுந்தன. மருந்து வண்டிகள் வெடித்தன. படை சிதைந்தது, பெய்லி சிறைப்பட்டார். அந்தக் காட்சியைச் சீரங்கப்பட்டணத்திலே, தரியா தௌலத் மாளிகைச் சுவரிலே ஓவியமாய்த் தீட்டி வைத்தார் திப்பு. இன்றும் இருக்கிறது, போனவர் பார்க்கலாம்.

இன்னொரு சேதி. 1799 ஏப்ரல் 5-ஆம் நாள் இரவு, சீரங்கப்பட்டணத்துக்கு அருகில், சுல்தான்பேட்டைத் தோப்பிலே ஓர் ஆங்கிலத் தளபதி இருட்டில் சிக்கினார். நாலாபுறமும் வாணம், துப்பாக்கிச் சூடு. வரிசை குலைந்தது; படையோடு பின்வாங்கினார். அவர் யார் தெரியுமா? ஆர்தர் வெல்லெஸ்லி. பின்னாளில் வாட்டர்லூவிலே நெப்போலியனை வீழ்த்திய வெல்லிங்டன் பிரபு!

தோப்பிலே தப்பினார் வெல்லெஸ்லி. கோட்டையிலே வீழ்ந்தார் திப்பு. 1799 மே 4. கோட்டை விழுந்ததும் கொள்ளை. பொன்னும் மணியும் ஒருபுறம் போக, மருந்தடைத்த இரும்பு வாணங்களும் கப்பலேறின. போய்ச் சேர்ந்த இடம் ஊல்விச். அங்கே தந்தை காங்கிரீவ் அதிகாரி. மகன் காங்கிரீவ் ஆராய்ச்சிப் பித்தர்.

1804-இல் தொடங்கினார் மகன். தொடங்கிய விதம் நம் உள்ளத்தைத் தொடுகிறது. சொந்தக் காசைப் போட்டு, இலண்டனில் வாணவேடிக்கைக்காரர்கள் செய்து விற்ற வாணங்களிலே பெரியவற்றை விலைக்கு வாங்கினார். கொளுத்திப் பார்த்தார். 600 கெஜம் போயின. அதற்குமேல் ஓர் அடி வைக்க மறுத்தன. மைசூர் வாணம் எவ்வளவு தொலைவு பாயும் என்பது அவருக்குத் தெரியும். கும்பினிச் சிப்பாய்கள் உடம்பில் பட்டுத் தெரிந்துகொண்ட பாடமல்லவா அது!

இலண்டன் வாணத்துக்கும் மைசூர் வாணத்துக்கும் என்ன வேறுபாடு? மருந்திலே பெரிய மாயம் ஒன்றுமில்லை. வெடியுப்பு, கந்தகம், கரி எங்கும் அவைதாம். குழாயில்தான் வேறுபாடு. இலண்டன் குழாய் காகிதம். அட்டையைச் சுற்றிச் சுற்றிப் பசை தடவிக் காயவைத்த குழாய். அதற்குள் மருந்தைக் கெட்டித்து அடைத்து உள்ளழுத்தம் கூடினால் கிழிந்துபோகும். ஆகவே அளவோடு அடைக்க வேண்டும், அளவோடுதான் அது பாயும். இரும்புக் குழாயோ அழுத்தம் தாங்கும். தாங்குவதால் மருந்தை இடித்து இறுக்கலாம். இறுக்கினால் ஆவி பெருவேகத்தோடு துளைவழிப் பீறிடும். அது பின்னே பீறிடும் வேகம் கூடக் கூட, குழாய் முன்னே பாயும் வேகமும் கூடும்.

ஒன்றை இடையில் சொல்லிவிடுகிறோம். வாணக்குண்டை மேலே எறிவதற்கு மண்ணில் நடும் குழாயில் கதை தலைகீழ். குண்டு உள்ளேயே வெடித்துவிட்டால் இரும்புக் குழாய் துண்டுதுண்டாய்ப் பறந்து ஆளைக் கொல்லும். ஆகவேதான் இந்நாளில் வேடிக்கைக்காரர் பலர் கெட்டிக் காகிதம், கண்ணாடியிழை, உரம் வாய்ந்த பிளாஸ்டிக் இவற்றாலான குழாயை நாடுகின்றனர். போர்க்களத்தில் வாகை சூடிய இரும்பு, விழாக்களத்தில் அஞ்சத்தக்கதாயிற்று. குழாய் வேலைக்கு ஏற்றதா என்பதே கேள்வி.

மறுபடி காங்கிரீவிடம் வருவோம். தம் சோதனைகளிலேயே 1500 கெஜம் எட்டினார். பிறகு அமைச்சர் பெருமக்களை அணுகி, ஊல்விச் கூடத்திலேயே பெரிய வாணங்கள் செய்ய இசைவு பெற்றார். எவருக்குக் கிட்டும் இந்த வசதி! கூடம் அரசுடையது, கூடத்துக்கு அதிகாரி தந்தை. 2000 கெஜம் போயிற்று. 1806-க்குள் 32 பவுண்டு வாணம் 3000 கெஜம் போயிற்று. குழாய் நாலு அங்குல விட்டம், மூன்றரை அடி நீளம். அதற்குக் கழி 15 அடி! எடைக்கட்டியைக் கயிறு கட்டி உயர்த்தி, விழவிட்டு விழவிட்டு மருந்தை இறுக்கினர். சிறிது, பெரிது எனப் பல அளவு வகுத்தார். பக்கவாட்டில் கட்டிய கழியால் வாணம் கோணுவது கண்டு, 1815 அளவிலே கழியை நடு அடியில் பொருத்தி, சுற்றிலும் ஐந்து துளை வைத்தார். இவையெல்லாம் அவர் உழைப்பு, அவர் அறிவு. மறுக்க மாட்டோம். மைசூர்க் கொல்லன் கைப்பழக்கத்தில் செய்ததை இவர் கணக்கிட்டு, அளவிட்டு, ஏட்டில் எழுதி, ஆலையில் ஆயிரக்கணக்கில் செய்ய வைத்தார். ஆனால் காகிதத்தை விட்டு இரும்புக்குப் போ என்று வழிகாட்டியது யார் கை? அந்தக் கையின் பெயர் எந்தப் பட்டயத்திலும் ஏறவில்லை. வாணத்துக்கு வழங்கிய பெயரோ, காங்கிரீவ் ராக்கெட்!

1806 அக்டோபரில் பிரெஞ்சுத் துறைமுகமான பூலோன் மீது அரை மணி நேரத்தில் 200 வாணம்போல ஏவினர். நெப்போலியன் கப்பல்களைக் கொளுத்த நினைத்தனர். காற்று வேறு பக்கம் அடித்தது, ஊர் எரிந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் கோபன்கேகன். டென்மார்க் எந்தப் பக்கமும் சேராதிருந்த நாடு. அதன் கப்பற்படை நெப்போலியன் கைக்குப் போய்விடக்கூடும் என்ற அச்சத்தால், நகரத்தின்மீது குண்டும் வாணமும் இரவு பகலாய்ப் பொழிந்தனர். மரவீடுகள் பற்றின, மாதா கோயிலின் கோபுரம் சாய்ந்தது, படைவீரரல்லாத மக்கள் பலர் மாண்டனர். காங்கிரீவ் உடனிருந்து பார்த்தார். புள்ளலூரில் படையைத் தாக்கிய குழாய், கோபன்கேகனில் தொட்டிலைத் தாக்கிற்று. இந்த வளர்ச்சியை எந்தக் கணக்கில் எழுதுவது?

1813-இல் லைப்சிக் போர்க்களத்திலும் இவ்வாணப்படை நின்றது. வெல்லிங்டனுக்கு மட்டும் இதில் நம்பிக்கை வரவேயில்லை. தோப்பு நினைவு தொடர்ந்து வந்ததோ என்னவோ!

1814-க்கு வருகிறோம். அவ்வாண்டு தந்தை இறக்க, பரம்பரைப் பட்டமும் ஊல்விச் பதவியும் மகனுக்கு வந்தன. நெப்போலியன் எல்பாத் தீவுக்கு அனுப்பப்பட்டிருந்தான். இலண்டனில் வெற்றி விழா. ஆகஸ்டு 1. இளவரசருக்கு வேண்டியவரான காங்கிரீவிடம் வாணவேடிக்கையை ஒப்படைத்தனர். பசும் பூங்காவில் கோட்டை ஒன்றை எழுப்பி, வாணமும் வெடியுமாய்ப் புகையிலே மறைத்து, புகை கலைந்ததும் அக்கோட்டை சமாதானக் கோயிலாய் மாறி நிற்கக் காட்டினார். கூட்டம் கைகொட்டிற்று. பக்கத்துப் பூங்காவில் பாலத்தின்மேல் கட்டியிருந்த சீனக் கோபுரத்திலோ தீப்பற்றி இருவர் உயிரிழந்தனர். வேடிக்கை என்றே கருதி மக்கள் அந்தத் தீக்கும் கைகொட்டினராம்!

சமாதானக் கோயில் எழுந்த அந்த நாளில், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் அமெரிக்கரோடு அதே ஆங்கிலேயருக்குப் போர். ஆறு வாரம் கழிந்து, செப்டம்பரில் பால்டிமோர்க் கோட்டைமேல் இரவெல்லாம் பாய்ந்தவை காங்கிரீவ் வாணங்களே. அந்தச் சிவந்த ஒளி அமெரிக்க நாட்டுப் பண்ணிலேயே இடம்பெற்றுவிட்டது.

காங்கிரீவின் மூளை சும்மா இருந்ததில்லை. சாய்ந்த தட்டிலே குண்டு உருண்டோடி நேரம் காட்டும் கடிகாரம் செய்தார். கள்ள நோட்டைத் தடுக்க வண்ண அச்சு முறை கண்டார். கால்வாய்ப் படகுக்கு மதகு வகுத்தார். ஓயாது தானே சுழலும் பொறி என்ற வீண்கனவிலும் விழுந்தார். பிளிமத் தொகுதியின் உறுப்பினரானார். 1821-இல் நான்காம் ஜார்ஜ் முடிசூடியபோதும் வாணவேடிக்கை இவர் பொறுப்பே.

பிறகு பணம். அயர்லாந்தில் அரிக்னா என்ற இடத்து இரும்பு, நிலக்கரிச் சுரங்கக் கம்பெனியின் இயக்குநர்களுள் ஒருவரானார். பங்குப் பித்து இலண்டனை ஆட்டிய காலம் அது. கணக்கு நாறிற்று, வழக்கு வந்தது, மோசடிப் பழி விழுந்தது. உடலும் நலிந்த நிலையில் பிரான்சுக்குப் போனார். எந்த நாட்டின் துறைமுகத்தைக் கொளுத்தப் பார்த்தாரோ அந்த நாட்டிலேயே, தூலூஸ் நகரில், 1828 மே 16-இல் இறந்தார். வயது 55. அங்கேயே அடக்கம்.

அவர் பெயர் அவரை விட்டுத் தனியே வாழ்ந்தது. தீக்குச்சிக்கும் காங்கிரீவ் என்று பெயர் வழங்கினர் சில காலம்.

1960-களின் தொடக்கத்தில், பயிற்சிக்காக அமெரிக்கா சென்ற இராமேசுவரத்து இளைஞர் ஒருவர், வாலப்சுத் தீவின் ராக்கெட் நிலையத்து வரவேற்புக் கூடத்திலே ஓர் ஓவியம் கண்டு திகைத்தார். ராக்கெட் விடும் வீரர்கள் அதில் கறுத்த மேனியர். எதிரே நிற்பவர் வெள்ளையர். திப்புவின் படை! அதைத் தம் வரலாற்றில் எழுதி வைத்திருக்கிறார், பின்னாளில் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம்.

சிவமொக்கா மாவட்டத்தில் நகரா என்றோர் ஊர். பழைய பெயர் பிதனூர். 1763-இல் ஐதர் கைப்பற்றித் தம் பெயரையே சூட்டிய ஊர். அங்கே 2018-இல் பாழுங்கிணறு ஒன்றைத் தோண்டினர். சேற்றிலே மருந்து வாடை அடித்தது. வழித்து எடுக்க எடுக்க வந்தன இரும்புக் குழாய்கள், துருவேறி, ஆயிரத்துக்கும் மேலாக. பல குழாய்களில், அடைத்தவன் அடைத்த மருந்து அப்படியே இருந்தது.