நீரைக் காத்த நங்கை

நீர் தெளிவாக இருந்தால் அது தூயது என்று நாம் எளிதாக எண்ணிவிடுகிறோம். தெளிந்த நீரிலும் கழிவு கலந்திருக்கக்கூடும் என்பதைச் சோதனையால் மெய்ப்பித்து, ஒரு மாநிலத்தின் நீர்நிலைகளையே ஆராய்ந்தவர் ஒரு பெண்மணி. அவரே எலன் சுவாலோ ரிச்சர்ட்ஸ் அம்மையார்.

அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த டன்ஸ்டபிள் என்னும் சிற்றூரில், 1842ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் நாள் இவர் பிறந்தார். பெற்றோருக்கு ஒரே மகள். இருவரும் ஆசிரியர்களாதலால் தொடக்கத்தில் வீட்டிலேயே பாடம் கற்றார். பெண்களுக்கு உயர்கல்வி எட்டாக்கனியாக இருந்த காலம் அது. எலனோ பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தும், துப்புரவு வேலை செய்தும் பணம் சேர்த்து, 1868இல் வாஸர் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். 1870இல் பட்டம் பெற்றார்.

அவ்வாண்டின் இறுதியில், பாஸ்டன் நகரிலிருந்த மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் அவருக்கு இடமளித்தது. அங்கு அனுமதி பெற்ற முதற் பெண் அவரே. கட்டணமும் வேண்டாம் என்றார்கள். தம் வறுமைக்கு இரங்கினார்கள் என்று அவர் நம்பினார். உண்மை வேறு. எவரேனும் எதிர்ப்புத் தெரிவித்தால், அவர் முறையான மாணவியே அல்லர் என்று தலைவர் கூறிக்கொள்வதற்கே அந்த ஏற்பாடு! முன்பே தெரிந்திருந்தால் சேர்ந்திருக்கவே மாட்டேன் என்று பின்னாளில் அவர் வருந்தினார். எனினும் 1873இல் வேதியியலில் பட்டம் பெற்றார். டாக்டர் பட்டம் மட்டும் அக்கழகத்தில் அவருக்குக் கிட்டவில்லை.

தமக்குத் திறந்த கதவு பிறருக்கும் திறக்க வேண்டும் என அவர் விரும்பினார். 1875இல் பேராசிரியர் ராபர்ட் ரிச்சர்ட்ஸை மணந்தார். மறு ஆண்டே அக்கழகத்தில் மகளிர் ஆய்வுக்கூடம் அமைய வழி செய்து, ஊதியமின்றிக் கற்பித்தார். 1884 முதல் சுகாதார வேதியியல் ஆசிரியையாகப் பணியாற்றினார்.

1887இல் மாநிலச் சுகாதார வாரியத்துக்காகப் பெரும் நீராய்வு தொடங்கியது. பல்லாயிரக்கணக்கான நீர் மாதிரிகள் சோதிக்கப்பட்டன. கடலோர நீரில் இயல்பாகவே உப்பு மிகுதி. உள்நாடு செல்லச் செல்லக் குறையும். எந்த இடத்தில் எவ்வளவு இருப்பது இயல்பு என்று ஒரு வரைபடம் உருவாயிற்று. மனிதக் கழிவிலும் உப்பு உண்டல்லவா? ஆகவே ஓர் ஊரின் நீரில் இயல்பை மீறிய உப்பு காணப்பட்டால், அங்கே சாக்கடை கலக்கிறது என்று ஐயுறலாம். எத்துணை எளிய கருத்து! எத்துணை பெரும் பயன்!

வீடு, காற்று, நீர், உணவு ஆகிய அனைத்தும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்று அவர் கண்டார். நலமான சூழலில் வாழும் கலையைக் குறிக்க, சூழலியல் என்னும் சொல்லை 1892இல் பாஸ்டன் மக்களுக்கு அறிமுகப்படுத்தினார். அன்று அவர் தந்த பொருளில் அச்சொல் நிலைக்கவில்லை. ஆனால் அவர் மனம் தளரவில்லை. 1908இல் அமெரிக்க மனையியல் சங்கத்தின் முதல் தலைவியானார். 1911ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் மறையும் வரை கற்பிக்கும் பணியை அவர் விடவில்லை.

கதவு அரைகுறையாகத் திறந்தபோதும் உள்ளே நுழைந்து, பின்வருவோருக்காக அதை அகலத் திறந்துவைத்தவர் இந்த அம்மையார். நாம் கற்கும் அறிவியலும் ஏட்டோடு நின்றுவிடாமல், அண்டை வீட்டாரின் குடிநீர்க் குடம் வரை சென்று பயன்தர முயல்வோமாக!